சந்திரகிரித் தண்ணிக்கு ஒரு கிராபிக்ஸ் கார்டு

அனிலின் கம்ப்யூட்டருக்கு ஆயுசு சரியாக நாற்பது நிமிஷம். அதற்கு மேல் உள்ளே விர்ரென்று ஒரு சத்தம் கிளம்பும். பெட்டியின் மேல் கை வைத்தால் தோசைக்கல் மாதிரி சுடும். அப்புறம் பட்டென்று அணைந்துவிடும். திருப்பதியில் மே மாசம் வேறு. பைராகிபட்டெடாவில் மாடிப் போர்ஷன், தலைக்கு நேர் மேலே மொட்டை மாடி. மனுஷனே ஹேங் ஆகிற வெயிலில் மெஷின் மட்டும் என்ன செய்யும்?

அனில் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவன். முப்பத்தொரு வயசு மாணவன். சந்திரகிரிக் கோட்டைக்குள் அந்தக் காலத்தில் தண்ணீர் எப்படி வந்தது என்பது ஆராய்ச்சி. நாலு வருஷமாகத் தண்ணீர் வந்துகொண்டே இருக்கிறது, கட்டுரைதான் வந்து சேரவில்லை. அவன் மனைவி எப்சிபாவுக்கு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை. வீடு ஓடுவது அவள் சம்பளத்தில். அவன் கிறுக்கித் தருவதைச் சனிக்கிழமைகளில் டைப் அடித்துக் கொடுப்பதும் அவள்தான்.

இந்த நிலைமையில் நின்றுபோயிருந்த உதவித்தொகை ஆறாயிரம் ரூபாய் வந்து, நேரே எப்சிபாவின் கைக்குப் போனது. அன்றைக்கே அனில் ஒரு மகா தீர்மானம் எடுத்தான். கிராபிக்ஸ் கார்டு வாங்க வேண்டும். பழசானாலும் பரவாயில்லை, மூன்று கலரில் லைட் எரிய வேண்டும். உண்மைக் காரணம் நண்பன் சஞ்சயின் ரூமில் இருந்தது. அங்கே ஒருநாள் கார் ரேஸ் விளையாட்டு ஆடிவிட்டு வந்தவன், அப்புறம் சோற்றுத் தட்டைக் கூட ஸ்டியரிங் மாதிரி பிடிக்க ஆரம்பித்திருந்தான்.

"எப்சி, கிராபிக்ஸ் கார்டு போட்டாதான் இது சரியாவும்."

"அது இன்னாத்துக்கு?"

"படமெல்லாம் நல்லா ஓடும். கோட்டை போட்டோ எல்லாம் வெச்சிருக்கேன் இல்ல?"

"நின்ன எடத்துல நிக்கிற கல்லு. அது எங்க ஓடப்போவுது?"

"கல்லு இல்ல எப்சி, தண்ணி ஓடின தடம்..."

"தண்ணி நின்னு முந்நூறு வருஷம் ஆவுதுன்னு நீங்கதானே எழுதினீங்க? நான்தானே டைப் அடிச்சேன்?"

அனில் வேறு வழியில் புகுந்தான். "ராமும் கம்மியா இருக்குது."

இதைக் கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டான். எதிர் போர்ஷன் கமலம்மா துணி காயப்போட்டுக்கொண்டு இருந்தவர், கொடிக்கு நடுவில் தலையை நீட்டினார்.

"இன்னா தம்பி, உங்க வூட்லயும் ராம் வேணும்றீங்களா? சந்தோஷம்பா! நவமிக்கே சொல்லியிருந்தா ஒரு சொம்பு பானகம் குடுத்திருப்பேனே."

"அது வேற ராம், அக்கா. கம்ப்யூட்டர்ல போடறது."

"எதுல போட்டா இன்னா? மனசுல இருந்தா சரி."

எப்சிபா சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டாள். "உள்ள ஃபேன் ஒழுங்கா சுத்துதா, பாத்தீங்களா?"

"அதெல்லாம் உனக்குப் புரியாது எப்சி."

சித்தூரில் முப்பது வருஷமாக மோட்டார் ரீவைண்டிங் கடை நடத்துகிற சுந்தர்சிங்கின் ஒரே மகளைப் பார்த்து, ஃபேன் விஷயம் புரியாது என்று சொன்னது அனில் செய்த முதல் தப்பு.

ரெண்டாவது தப்பு, துண்டு.

வாயால் சொன்னால் நம்பாதவள் கண்ணால் பார்த்தால் நம்புவாள் என்று கணக்குப் போட்டான். சனிக்கிழமை காலை, அவள் டைப் அடிக்க உட்காருவதற்கு முன்னால், குளித்த துண்டைச் சுருட்டிப் பெட்டியின் பின்பக்கம், காற்று வெளியே வரும் ஓட்டையில் வைத்து அடைத்தான். பெட்டியைச் சுவரோடு சேர்த்து நெருக்கித் தள்ளினான். பிறகு ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி கீழே போய்ப் பால் பாக்கெட் வாங்கிக்கொண்டு வந்தான்.

பத்தாவது நிமிஷம். விர்ர்ர். பட்.

அவன் கற்பனை செய்திருந்த வசனம், "ஐயோ, சீக்கிரம் ஒரு கார்டு வாங்குங்க" என்பது. எப்சிபா சொன்னது வேறு.

"போச்சிங்க."

"இன்னா போச்சி?"

மறுபடி ஆன் செய்து காட்டினாள். "மூணாவது அத்தியாயம். மொத்த ஃபைலும் காணோம். இருபத்தாறு பக்கம்."

இருபத்தாறு பக்கம் என்றால் அவளுடைய ஏழு சனிக்கிழமை. எப்சிபா திட்டவில்லை. எழுந்து சமையலறைக்குள் போனாள். கொஞ்ச நேரம் கழித்து எட்டிப் பார்த்தான். முதுகைக் காட்டி நின்றுகொண்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு இருந்தாள்.

அதற்கப்புறம் நாலு நாள் அனிலுக்குச் சோறு இறங்கவில்லை. அவள் துணி துவைக்கப் போனால் இவன் முந்திக்கொண்டு துவைத்தான். மார்க்கெட்டுக்குப் போனான். அவள் கேட்காமலேயே மீன் கழுவிக் கொடுத்தான். எத்தனை தடவையோ சொல்ல வாயெடுத்தான். ஒவ்வொரு தடவையும் "எப்சி..." வரைக்கும்தான் வந்தது. அவள் "இன்னாங்க?" என்று திரும்பினால், "தண்ணி வேணுமா?" என்று முடித்துவிடுவான். அந்த நாலு நாளில் அவள் குடித்த தண்ணீர் சந்திரகிரிக் கோட்டைக்கே போதும்.

புதன்கிழமை அவளே சொன்னாள். "இனிமே இதுகூட மல்லுக்கட்ட முடியாது. முனிகிருஷ்ணன் கடைக்குப் போய் வாங்கிக்கினு வந்துடுங்க. பணத்த நான் போன்ல அனுப்பிடறேன்."

குற்ற உணர்ச்சி ஒரு பக்கம், மூன்று கலர் லைட் ஒரு பக்கம். அனில் பைக்கை எடுத்தான். லைட்தான் ஜெயித்தது.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சந்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை. முனிகிருஷ்ணனுக்குப் புத்தூர் பக்கம். பாதித் தமிழ், பாதித் தெலுங்கு.

"ரண்டி சார், ரண்டி! பார்சல் ரெடியா இருக்குது."

"நான் இன்னும் ஒண்ணும் கேக்கவே இல்லையே?"

"அக்கா போன் சேசிந்தி சார். பணமும் வந்துடுச்சி."

கவரைப் பிரித்துப் பார்த்தான். ஒரு சின்ன ஃபேன். பிராசஸர் மேல் தடவும் பேஸ்ட் ஒரு ட்யூப். பழைய ராம் ஒன்று. பழைய ஹார்டு டிஸ்குக்குப் பதிலாக, மெஷினைச் சட்டென்று எழுப்புகிற புது எஸ்எஸ்டி ஒன்று. எதிலும் லைட் இல்லை.

"கார்டு எங்கப்பா?"

"கார்டா? அது இருக்கிற கரண்டெல்லாம் துன்னுடும் சார். உங்க பெட்டியோட பவர் சப்ளை ஒரே நாள்ல பொகைஞ்சிடும். அக்கா பத்து நாள் முன்னாடியே உள்ள போட்டோ புடிச்சி, அவங்க நைனாவுக்கும் எனக்கும் அனுப்பிட்டாங்களே. மீக்கு தெலீதா, உங்களுக்குத் தெரியாதா?"

பத்து நாள் முன்னால் என்றால் துண்டுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கு அனில் சஞ்சய் ரூமில் கார் ஓட்டிக்கொண்டு இருந்தான்.

வீட்டுக்கு வந்ததும் எப்சிபா பெட்டியைத் தரையில் பேப்பர் விரித்துப் படுக்க வைத்தாள். பக்கத்துத் தகட்டைக் கழற்றினாள். உள்ளே இருந்த தூசியைத் திரட்டினால் கைக்குழந்தைக்கு ஒரு தலையணை தைக்கலாம். பெயின்ட் பிரஷ்ஷால் அதைத் தட்டினாள். காய்ந்துபோன பழைய பேஸ்டை லேபிலிருந்து கொண்டுவந்த ஸ்பிரிட்டும் பஞ்சும் வைத்துத் துடைத்தாள். புது பேஸ்டைப் பட்டாணி அளவு வைத்து, ஃபேனையும் ராமையும் எஸ்எஸ்டியையும் மாட்டினாள். அனிலின் வேலை டார்ச் பிடிப்பது.

"என் மூஞ்சில அடிக்காதீங்க, உள்ள அடிங்க."

அவன் வேண்டுமென்றேதான் அங்கே அடித்தான். மூக்கு நுனியில் தூசியோடு, ஸ்க்ரூவை உதட்டில் கவ்விக்கொண்டு அவள் குனிந்திருந்ததைப் பார்க்க, கல்யாணமான புதுசில் இருந்ததை விட அழகாக இருந்தது.

மெஷின் ஓடியது. ஒரு மணி நேரம், ரெண்டு மணி நேரம். சத்தமே இல்லை. மேலே கை வைத்தால் பால் ஆறின பாத்திரம் மாதிரி லேசான சூடு. அனிலுக்குத் தாங்கவில்லை.

"எப்சி, சனிக்கிழம நான்தான் பின்னாடி ஒரு துண்ட..."

"பச்சைக் கரை போட்ட துண்டு. ஒக்காரும்போதே பாத்தேன்."

"பாத்தியா? அப்புறம் ஏன் எடுக்கல?"

"நீங்க இன்னா பண்றீங்கன்னு பாக்கலாம்னுதான். அத்தியாயத்த மொதல்ல பென்டிரைவ்ல போட்டுட்டு, பெட்டியில இருந்து அழிச்சிட்டேன்."

"இருபத்தாறு பக்கமும் இருக்குதா!"

"இருபத்தேழு. முடிவுரைல பாதிய விட்டிருந்தீங்க, அதையும் சேத்துட்டேன்."

"அப்போ ஏன் அழுத?"

"யாரு அழுதாங்க? வெங்காயம் அரிஞ்சிக்கினு இருந்தேன். நீங்க வந்து சொல்லுவீங்கன்னு பாத்தா, நாலு நாளா தண்ணியே குடுத்துக்கினு இருக்கீங்க." சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். அனிலும் சிரித்தான். வாழ்க்கையில் இனி ஒரு பொய்யும் சொல்வதில்லை என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தான்.

மறுநாள் காலை எப்சிபா லேபுக்குக் கிளம்பினாள். பஸ் திருப்பம் தாண்டியிருக்கும். அனில் சஞ்சயிடம் வாங்கிவந்த பென்டிரைவோடு உட்கார்ந்தான். கார்டு இல்லாவிட்டால் என்ன, பழைய ரேஸ் ஒன்று இதிலேயே ஓடுமாம். மெஷின் எட்டே செகண்டில் கண் விழித்தது. விழித்ததும் பாஸ்வேர்டு கேட்டது.

போன் போட்டான். "எப்சி, பாஸ்வேர்டு இன்னா?"

"எதுக்குங்க?"

"எதுக்கா? நாலாவது அத்தியாயம் எழுதத்தான்!"

"அப்படியா? மேசை மேல நோட்டும் பேனாவும் வெச்சிருக்கேன், எழுதுங்க. பேனாவுக்குப் பாஸ்வேர்டு கெடையாது."