கொலகார ஆயம்மாவின் ஒன்பதாம் அத்தியாயம்

கைக்குழந்தைகளுக்குப் பிரேதப் பரிசோதனை அறிக்கை வாசித்துத் தூங்கவைத்த மனுஷி இந்தப் பூமியில் ஒருவர்தான் இருக்க முடியும். எங்கள் எஸ்டேட்டில் அவரை எல்லோரும் கொலகார ஆயம்மா என்றே கூப்பிட்டார்கள். ரேஷன் கார்டில் வேறு பெயர் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்.

தேவிகுளத்துக்குப் பக்கத்தில் ஒரு தேயிலை எஸ்டேட் ஆபீசில் நான் கிளார்க்காக இருந்த காலம். ஆபீசுக்கும் குழந்தைகள் காப்பகத்துக்கும் நடுவில் வெறும் பலகைச் சுவர். கொழுந்து எடுக்கப் போகும் பெண்கள் காலையில் பிள்ளைகளை ஆயம்மாவிடம் விட்டுப் போவார்கள். தாலாட்டு அவருக்கு வராது, பிடிக்கவும் பிடிக்காது. காலால் தொட்டிலை ஆட்டிக்கொண்டு, கையில் பழைய மாத நாவலை வைத்துக்கொண்டு, உரக்க வாசிப்பார். கத்தி நான்கு அங்குலம் இறங்கியிருந்தது என்ற இடத்தில் பதினாறு பிள்ளைகளுக்கும் கண் சொருகும். சுவருக்கு இந்தப் பக்கம் நாங்கள் மூன்று பேர் பேனாவை வைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டிருப்போம். ஒருமுறை வருகைப் பதிவேட்டில் வேலைக்கு வராத ஒருவரின் பெயருக்கு நேராக 'விஷம்' என்று எழுதிவிட்டேன். விசாரிக்க வந்த மேனேஜர், காப்பகத்து ஜன்னலுக்கு வெளியே நின்று அந்த அத்தியாயம் முடியும்வரை கேட்டுவிட்டு, வந்த வேலையை மறந்து ஜீப்பில் ஏறிப் போனார்.

போடியிலிருந்து சரக்கு ஏற்றிவரும் லாரிக்காரர்கள்தான் அவருக்குப் புத்தகம் கொண்டுவருவார்கள். துப்பறியும் கதை, பேய்க் கதை, பங்களா மர்மம் எல்லாம் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருந்தன. அத்தனையிலும் அவருக்குக் கோபம் இருந்தது. முட்டாளாகவே வரும் கான்ஸ்டபிள்மேல் கோபம். ஆறு கொலை செய்துவிட்டுக் கடைசிப் பக்கத்தில் கண்ணீர்விடும் வில்லன்மேல் அதைவிடக் கோபம். புத்தகத்தை முதுகு உடைய மடக்கிப் பிடித்துப் படித்த ஒரு சூப்பர்வைசரோடு மூன்று வருஷம் பேசவில்லை.

அவர் கோபப்படாத புத்தகம் ஒன்றே ஒன்று. 'ஊசிமுனைப் பங்களா'. மலைமேல் ஒரு பங்களாவில் துரை செத்துக் கிடக்கிறார். வராந்தாவில் ரத்தச் சொட்டுகள். கொலையாளி சிந்திய ரத்தம் என்று துப்பறிவாளர் எட்டு அத்தியாயம் சுற்றுகிறார். ஒன்பதாம் அத்தியாயத்தில், பங்களா கூட்டுகிற முத்தம்மாவைப் பார்த்து, "நீ என்ன பார்த்தாய்?" என்று கேட்கிறார். அது அட்டை கடித்த ரத்தம், ரோட்டில் ஜீப்பில் வந்தவரை அட்டை கடிக்காது, யாரோ புல்லுக்குள் குறுக்குவழியாக வந்திருக்கிறார்கள் என்கிறாள் அவள். ஜீப்பில் வந்ததாகச் சொன்ன டாக்டர் மாட்டிக்கொள்கிறார். இந்த அத்தியாயத்தை ஆயம்மா வாரத்துக்கு ஒருமுறையாவது வாசிப்பார். எங்களுக்கும் மனப்பாடம்.

நான் ஓய்வுபெற்றுப் போடிக்கு வந்துவிட்டேன். ஆயம்மா தேவிகுளத்தில் ஒற்றை அறை வீட்டில் டிரங்குப் பெட்டியோடு குடியேறினார். இரண்டு வருஷத்துக்கு முன் இந்தப் புத்தகத்தைப் பற்றி முகநூலில் நாலு வரி எழுதினேன். அதுதான் நான் செய்த பாவம்.

சென்னையிலிருந்து ஒரு இளம் பதிப்பாளர் என்னைத் தேடி வந்தார். மறந்துபோன பழைய மர்ம நாவல்களை மறுபடி அச்சிடுகிறாராம். 'ஊசிமுனைப் பங்களா' எந்த நூலகத்திலும் இல்லை, எழுதியவரின் வாரிசு சம்மதித்துவிட்டார், பிரதிதான் கிடைக்கவில்லை என்றார். நானே மலைக்குக் கூட்டிப்போனேன். ஆயம்மா மசியவில்லை. நான் கெஞ்சினேன். கடைசியில், ஒரு எழுத்துகூட மாற்றமாட்டேன், புத்தகத்தைக் கொடுத்தபடியே திருப்பித் தருவேன் என்று காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார் ஆயம்மா. பதிப்பாளர் சிரித்துக்கொண்டே போட்டார். சாட்சி நான்.

நாலு மாதம் கழித்துப் பார்சல் வந்ததும் ஆயம்மாவிடமிருந்து போன். 'வா' என்ற ஒரே சொல். போனேன். பளபளவென்று புதுப் புத்தகம். பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் உறையில் பழையது. ஸ்கேன் எடுக்க வசதியாக இருக்கட்டும் என்று அதன் முதுகை வெட்டி, தாள் தாளாக உதிர்த்து அனுப்பியிருந்தார்கள். அதைவிடப் பெரிய அநியாயம் புதுப் புத்தகத்தில் இருந்தது. முத்தம்மாவைக் காணோம். ஒன்பதாம் அத்தியாயத்தை முழுதாகத் தூக்கிவிட்டு, பத்தாவதுக்கு ஒன்பது என்று நம்பர் போட்டிருந்தார்கள்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. செத்துப்போன புத்தகத்தை எழுப்புகிறேன் என்று வந்தவன், எழுப்பிய கையோடு அதன் நாக்கை அறுத்தால் என்ன செய்வது? ஸ்பீக்கரில் போட்டுப் பதிப்பாளரைக் கூப்பிட்டேன். அவர் பதறவே இல்லை.

"அந்தச் சாப்டர் கொஞ்சம் இழுவையா இருந்தது மேடம். இப்ப இருக்கிற ரீடர்ஸுக்கு ஸ்பீடு வேணும். தவிர, முத்தம்மா ஒரு சைடு கேரக்டர்தானே?"

"சைடா?" என்றார் ஆயம்மா. "அவ கூட்டலன்னா ஒங்க துப்பறியுறவன் இன்னும் அந்த வராந்தாவுல பூதக்கண்ணாடிய வச்சுக்கிட்டு நின்னுட்டிருப்பான், தம்பி."

போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். திட்டுவார் என்று தயாராக நின்றேன். திட்டவில்லை. கதவைக் காட்டினார். அவருடைய திட்டை முப்பது வருஷமாக வாங்கிப் பழகியவனுக்கு அந்த மௌனம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது.

அடுத்த மாதம் போடியில், ஒரு ஜவுளிக்கடை மாடியில், அந்தப் புத்தகத்துக்கு வாசகர் சந்திப்பு. நாற்பது பேர் வந்திருந்தார்கள். ஆயம்மாவுக்கு எப்படித் தெரிந்ததோ, மலையிறங்கி வந்து முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு கட்டு ஜெராக்ஸ். என்னைப் பார்த்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. பதிப்பாளர் பழைய நாவல்களைக் காப்பது பற்றி அழகாகப் பேசினார். கேள்வி நேரம் வந்ததும் ஆயம்மா எழுந்தார்.

"டாக்டருதான் கொன்னாருன்னு அந்தத் துப்பறியுறவனுக்கு எப்படித் தெரிஞ்சது?"

பதிப்பாளர் புத்தகத்தைப் புரட்டினார். முன்னால் போனார், பின்னால் வந்தார். தெரியவில்லை. வெட்டிய கைக்கே எதை வெட்டினோம் என்று அப்போதுதான் உறைத்தது. கூட்டத்தில் சிரிப்பு கிளம்பியது. ஆயம்மா சிரிக்கவில்லை. ஜெராக்ஸை எடுத்து வாசிக்க ஆரம்பித்தார். பலகைச் சுவரைத் தாண்டி வந்த அதே குரல். ஒன்பது பக்கம். முடித்ததும் தாள்களை அடுக்கிக்கொண்டே, தரையைப் பார்த்துப் பேசினார்.

"காப்பகம் போக எஸ்டேட் ஆபீசு வராந்தாவையும் நாந்தான் இருவத்தெட்டு வருசம் கூட்டுனேன். நீ என்ன பாத்தேன்னு ஒருத்தரும் என்னையக் கேட்டதில்ல. இந்தப் பொஸ்தகத்துல மட்டுந்தான் கேட்டாக. அதையும் வெட்டிட்டீக."

அந்த ஆபீசில் நானும் இருந்தேன். சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து ஓசியில் கதை கேட்டேன். நானும் கேட்டதில்லை.

பதிப்பாளரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் சமாளிக்கவில்லை. மேடையிலேயே தப்பு என்னுடையது என்றார். விற்காமல் இருந்த பிரதிகளில் அந்த அத்தியாயத்தைத் தனியாக அச்சிட்டுச் செருகினார். அடுத்த அச்சில் முத்தம்மா தன் இடத்துக்கே திரும்பி வந்துவிட்டாள். பழைய பிரதியைத் தோல் அட்டை போட்டுக் கட்டித் தருகிறேன் என்று கேட்டுப் பார்த்தார். வெட்டியவன் கையில் இனி கொடுக்கமாட்டேன் என்று ஆயம்மா சாக்கு ஊசியால் தானே தைத்துக்கொண்டார்.

என்னோடு மட்டும் பேச்சில்லை. ஐந்து மாதம் கழித்து ஒரு காலையில் போன் வந்தது. புது அச்சில் நாற்பத்திரண்டாம் பக்கத்தில் 'கொலை' என்பது 'கோலை' என்று இருக்கிறது, இதைக்கூடப் பார்க்காமல் நீயெல்லாம் முகநூலில் என்னத்தை எழுதிக் கிழிக்கிறாய் என்று அரை மணி நேரம். நான் மூச்சுவிடாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில்தான் விஷயத்துக்கு வந்தார். டிரங்குப் பெட்டியிலிருந்து பதிப்பாளருக்கு இன்னொரு புத்தகம் தரப்போகிறாராம். ஆனால் அது வீட்டைவிட்டு வெளியே போகாது. பக்கம் பக்கமாகப் போன் கேமராவில்தான் எடுக்க வேண்டும். அச்சுக்குப் போகுமுன் பதிப்பகத்தில் டைப் அடித்து அனுப்பும் ஒவ்வொரு வரியையும் நான் உரக்கப் படிக்க, அவர் பழைய பிரதியை வைத்துச் சரிபார்ப்பார்.

இப்போது சனிக்கிழமைதோறும் காலை பஸ்ஸில் போடிமெட்டு வழியாக மலையேறுகிறேன். எழுத்தில் ஒரு துணைக்கால் விட்டுப்போனாலும் திட்டு, நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தாலும் திட்டு. வேகமாகப் படித்திருந்தால் போன மாதமே முடித்திருக்கலாம். இன்னும் ஏழாவது அத்தியாயத்தில்தான் இருக்கிறோம். நான் மெதுவாகத்தான் படிக்கிறேன்.