பிரித்து வைக்கும் நிபுணர்

ஒன்றாக இருக்கும் எதைப் பார்த்தாலும் கை அரிக்கிற ஓர் இனம் உண்டு. பாகப்பிரிவினை வக்கீலைச் சொல்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். நான் சொல்வது மென்பொருள் நிபுணரை.

இவர் ஒரு மருத்துவமனைக்குள் நுழைந்தார். அங்கே பெயர் பதிவதிலிருந்து மாத்திரை கொடுப்பது வரை ஒரே மென்பொருள், மூலையில் ஒரே கணினி. “ஐயையோ, இது ஒண்ணு படுத்தா எல்லாம் படுத்துடுமே!” என்று நெஞ்சில் கை வைத்தார், வெள்ளைப் பலகையில் கட்டம் கட்டமாக வரைந்தார், கட்டத்துக்குக் கட்டம் அம்பு விட்டார், ஆறே மாதத்தில் அதை நாற்பது துண்டாக்கி நாற்பது கணினிகளில் குடிவைத்தார். நியாயத்தையும் சொல்ல வேண்டும்: முன்பு மருந்துச் சீட்டு அச்சாகாவிட்டால் மருத்துவமனையே நின்றுபோகும், இப்போது மருந்துக் கடை மட்டும்தான் நிற்கிறது. ஆனால் எது நின்றாலும், “எங்க பக்கம் சரியா இருக்கு” என்று கைவிரிக்க நாற்பது பக்கங்கள் கிடைத்துவிட்டன. ஒரு துண்டுக்குத் தெரிந்தது இன்னொன்றுக்குத் தெரியவில்லை என்றால்? “பொறுங்க, போகப்போக எல்லாத்துக்கும் தெரிஞ்சிடும்” என்பார். எவ்வளவு நேரத்தில்? அதையெல்லாம் கேட்பது நாகரிகமில்லை.

விதி சும்மா இருக்குமா? அவர் மனைவிக்கு வலி எடுத்தது. அதே மருத்துவமனை.

“பேர் பதிஞ்சாச்சு சார். ஆனா கட்டில் ஒதுக்கற பகுதிக்கு இன்னும் இவங்களைத் தெரியல” என்றார் வரவேற்பில் இருந்த பெண்.

“கண்ணு முன்னாடி நிக்கறாங்களேம்மா!”

“பொறுங்க சார், போகப்போக தெரிஞ்சிடும். நீங்கதானே சொல்லிக்குடுத்தீங்க?”

மனைவி மேசையை இறுகப் பிடித்துக்கொண்டு, “உங்க நாற்பதுல பிரசவம் பாக்கறது எது? அதை மட்டும் கூப்பிடுங்க!” என்று கத்தினார். சத்தம் கேட்டு ஓடிவந்த நர்ஸ், கணினியை ஏறிட்டும் பார்க்காமல், அவரைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

பெண் குழந்தை. இருவரும் நலம். மற்ற துண்டுகள் திருதிருவென விழித்துக்கொண்டிருக்க, பிறப்புப் பதிவு மட்டும் சுறுசுறுப்பாகச் சீட்டை நீட்டியது. குழந்தை: பெண். எடை: மூன்று கிலோ. தாய்: இல்லை.

“பாத்தியா, கட்டில் பகுதி படுத்தும் இது படுக்கல!” என்று மனைவியிடம் பெருமையாகக் காட்டினார். இல்லாத அந்தத் தாய் சொன்ன பதிலை அச்சில் ஏற்ற முடியாது.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நேற்று உங்கள் வீட்டில் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்ததே? “வெச்சது மட்டும்தான் நான்” என்றார் ஒருவர். “பாக்கச் சொல்லலையே” என்றார் பக்கத்தில் நின்றவர். “என் பக்கம் சரியாத்தான் இருந்துச்சு” என்று கூடத்திலிருந்து ஒரு குரல் வந்ததே, அது யாருடையது?