தம்பியின் மூக்கை உருக்க மாட்டேன்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் நகைப் பட்டறையும் சௌக்கியம். அங்கே நீயும் உன் மூக்கும் அதேபோல் இருக்க வேண்டுகிறேன். போனில் பேசினால் நீ குறுக்கே பேசுவாய், கடிதத்தில் அது நடக்காது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள், நான் அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள்.

“என் மூக்க செஞ்சு என் மக கழுத்துல தொங்கவிட்டு ஆபீசுக்கு அனுப்புறியேக்கா, மானம் போகுது, இன்னைக்கே உருக்கிடு” என்று நேற்று கத்தினாய். உருக்க மாட்டேன். ஆரம்பித்தது யார்? உன் மகள்தான் பட்டறைக்கு வந்து, மூக்கைச் சின்னதாக்க ஆஸ்பத்திரியில் நாள் குறித்தாயிற்று என்றாள். வரப்போகிற மூக்கைப் படத்தில் காட்டினாள், சீவின பென்சில் மாதிரி இருந்தது. இதற்குச் சளி பிடித்தால் எந்த வழியாகப் போகும் என்று கேட்டேன், சிரிக்கவில்லை. ஆபீசில் இவளுக்கு முன்னால் மூக்கு வந்துவிடுகிறது என்று கேலியாம். சொல்லும்போதே கையால் மூக்கை மூடிக்கொண்டாள், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நம் அப்பா மூக்கு, உன் மூக்கு, என் மூக்கு எல்லாம் ஒரே நாளில் குப்பைக்கா? வெட்டுவதற்கு ‘அவ இஷ்டம்’ என்றவனுக்கு, வெள்ளியில் செய்தால் மட்டும் மானம் போகிறதா?

ஆமாம், நீ என் வீட்டு சோபாவில் தூங்கும்போது போனைப் பிடித்துக்கொண்டு உன்னைச் சுற்றிச் சுற்றிப் படமெடுத்தது நான்தான். நீ விட்ட குறட்டையில் மூக்கு விரிந்து சுருங்கி, அந்தப் படங்களைச் சேர்த்துக் கம்ப்யூட்டர் செய்த உருவத்தில் மூக்குக்கு ரெண்டு நுனி விழுந்தது. ‘சரிசெய்’ பொத்தானை அமுக்கினேன். அந்தப் புண்ணியவான் நடுத்தண்டில் இருக்கிற நம் குடும்ப மேட்டையும் குறை என்று நினைத்து வழித்துவிட்டது. பார்த்தால் அதே சீவின பென்சில். டாக்டருக்கும் கம்ப்யூட்டருக்கும் ஒரே வாத்தியார் போல. சரியென்று அந்த உருவத்தையே கட்டைவிரல் நகம் அளவுக்கு மெழுகில் அச்செடுத்து, மேட்டை நானே வைத்தேன். இடது கை என் மூக்கைத் தடவிப் பார்க்கும், வலது கை சூட்டு ஊசியால் ஒரு சொட்டு மெழுகு வைக்கும். ஒருதரம் கை தடுமாறி ஊசி என் மூக்கிலேயே பட்டது, கொப்புளம் இன்னும் ஆறவில்லை. பிறகு வெள்ளியில் வார்த்து, அரம் போட்டு, உப்புத்தாளில் தேய்த்து, மேட்டுக்கு மட்டும் மெருகு ஏற்றினேன், வெளிச்சம் முதலில் அங்கேதான் விழணும். ஆக, அந்த டாலரில் உனக்குச் சேர்ந்தது ரெண்டு ஓட்டைதான். மேடு என்னுது. எதை உருக்கச் சொல்கிறாய்? நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போவதும் போகாததும் அவள் முடிவு. போனால், எதை வெட்டக் கொடுக்கிறோம் என்று பார்த்துவிட்டுப் போகட்டும்.

சண்டை வேறு, பாசம் வேறு. நீயும் உன் வீட்டாரும் நல்ல மூச்சோடு நீண்ட நாள் வாழ அக்காவின் ஆசி.

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டும் நேரத்தில் உன் மகள் வந்தாள். ஆபீசில் டாலரை ஆளாளுக்கு வாங்கிப் பார்த்தார்களாம், அதில் மேடு கொஞ்சம் கோணல் என்று இவளே தன் மூக்கைக் காட்டி விளக்கினாளாம். ஆஸ்பத்திரிக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டாள். டாலரைக் கழற்றி என் மேசையில் வைத்து, “அசலே மூஞ்சில இருக்கு, நகல் எதுக்கு அத்தை? உருக்கிடுங்க” என்றாள். உருக்கிவிட்டேன். நீ ஜெயித்ததாக நினைக்காதே. வெள்ளி சும்மா கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வந்து சோபாவில் படு, ஒருக்களித்துப் படு. காதைப் பார்க்க வேண்டும்.