மெழுகுவர்த்தி படம் போட்ட இசைத்தட்டு

வெறுங்கையோடு போவதுதான் அவமானம் என்று சொல்கிறவர்கள், கையில் எதையாவது கொண்டுபோய் அவமானப்பட்டிருக்க மாட்டார்கள். நான் பட்டிருக்கிறேன். கொழும்பு கொட்டாஞ்சேனையில், ஒரு செபமாலைக் கூட்டத்தின் நடுவில்.

அப்போது நான் மாளிகாவத்தையில் ஒரு பழைய சாமான் கடையில் வேலை செய்தேன். அதற்கு முன் வெள்ளவத்தைப் புடவைக் கடையில் துணிக்கட்டு சுமந்தேன். அதற்கு முன் கட்டாரில் பெயின்ட் அடித்தேன். அதற்கும் முன் ஹட்டனுக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை உட்கார்ந்திருந்தேன். (படித்தேன் என்று சொன்னால் வாத்தியார் கோபிப்பார்.) எந்த முதலாளியும் என்னைத் துரத்தியதில்லை, நானாகவே எழுந்து போய்விடுவேன். புடவைக் கடையில் மட்டும் கொஞ்சம் அதிகமாகத் தங்கினேன். அங்கே காசாளர் மேசையில் ஜெனிட்டா இருந்தாள்.

அவளுடைய அம்மா மேரி இறந்து ஒரு வருடமாகியிருந்தது. நினைவு நாளுக்கு வீட்டில் செபமாலை. அன்றைக்கு வரச் சொல், ஆளைப் பார்க்கிறேன் என்று அப்பா சேவியர் அங்கிள் சம்மதித்திருந்தார். அவர் வேண்டாம் என்றால் ஜெனிட்டா வத்தளைக்குப் போகவேண்டும். அங்கே ஒரு தொழிற்சாலை சுப்பர்வைசருக்குப் பெண் கேட்டிருந்தார்கள். அந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்தவர் அங்கிளின் தங்கை பிலோமினா மாமி. மாமி என்னைப் பற்றி விசாரித்து வைத்திருந்த தகவல்கள் எல்லாமே உண்மை. அதுதான் பிரச்சினை.

“வெறுங்கையோட வராதீங்க. ஒரு கேக் வாங்கிட்டு வாங்க, போதும்,” என்றாள் ஜெனிட்டா. “அப்பா கேட்டா கதைங்க. மாமி கேட்டா சிரிங்க.”

கேக் போதாது என்று எனக்குத் தோன்றியது. (எனக்குத் தோன்றியவற்றை மட்டும் தொகுத்தால் தனிப் புத்தகம் வரும்.) அங்கிள் ஞாயிறு தவறாமல் பூசை முடிந்து வந்து, இசைத்தட்டுப் போடும் பழைய ரேடியோகிராமுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாட்டுக் கேட்பார் என்று அவள் சொல்லியிருந்தாள். எங்கள் கடையிலோ, வெளிநாடு போன வெள்ளவத்தைக் குடும்பம் ஒன்றின் சாமான்களுக்குள் ஓர் இசைத்தட்டு கிடந்தது. உறையில் ஒரு தேவாலயம். உள்ளே ஒற்றை மெழுகுவர்த்தி. அதன் முன்னால் மண்டியிட்ட ஒரு பெண்.

எங்கள் தோட்டத்தில் கெசட் உறையில் மாரியம்மன் இருந்தால் உள்ளே மாரியம்மன் பாட்டு இருக்கும். முருகன் இருந்தால் முருகன் பாட்டு. இந்த ஒழுங்கை மீறிய கெசட்டை நான் பார்த்ததேயில்லை. பின்பக்கத்தில் ‘ஏஞ்சல்’, ‘ஹெவன்’ என்று இரண்டு சொற்களை எழுத்துக்கூட்டி வாசித்தேன். நடுவில் ஏதோ எரிவதைப் பற்றியும் எழுதியிருந்தது. மெழுகுவர்த்திதானே என்று விட்டுவிட்டேன்.

“இது நல்ல பாட்டா நானா?” என்று முதலாளியிடம் கேட்டேன். (முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்போம்.)

“கீறல் ஒண்டும் இல்லாம ஈக்குது,” என்றார் நானா. “பாட்டு எப்பிடி எண்டு எனக்கென்ன தெரியும் மனே? கொண்டு போ.”

செபமாலையை மாமி நடத்தினார். எல்லோரும் எழுந்தபின் எழுந்து, மண்டியிட்டபின் மண்டியிட்டு, கடைசிவரை ஒரு செபம் பின்தங்கியே ஓடினேன். முடிந்ததும் தேநீரும் கட்லட்டும் வந்தன. நான் இசைத்தட்டை இரண்டு கைகளாலும் நீட்டினேன். மாமி உறையைப் பார்த்தார். முகம் இளகியது. விரல்களால் மெழுகுவர்த்தியைத் தொட்டு உதட்டில் ஒற்றிக்கொண்டார்.

“அண்ணிட நாளுக்குப் பொருத்தமாத்தான் கொண்டு வந்திருக்கிறார். போடு பிள்ள, எல்லாரும் கேப்பம்.”

ஜெனிட்டா என்னைப் பார்த்த பார்வையில் வத்தளைச் சம்பந்தம் களனி ஆற்றோடு போய்விட்டது.

தொடக்கம் அருமை. ஒற்றைக் கிட்டார், மெல்ல. பக்கத்து வீட்டுப் பெண்கள் கண்களை மூடினார்கள். மாமி கைகூப்பினார். ஓர் ஆண் குரல் முணுமுணுத்தது. ஆங்கிலச் செபம் என்று நினைத்து நானும் தலை குனிந்தேன்.

பிறகு டிரம்ஸ் வந்தது.

வந்தது என்பது போதாது. துறைமுகத்துக் கிரேன் ஒன்று வீட்டுக் கூரையில் விழுந்தது போலிருந்தது. முணுமுணுத்த மனிதர் அலறத் தொடங்கினார். ரேடியோகிராமில் சத்தத்தை யாரோ முழுதாகக் கூட்டி வைத்திருந்தார்கள். ஒரு தேநீர்க் கோப்பை கட்லட் தட்டில் கவிழ்ந்தது. சுவரில் அம்மாவின் படம் ஆடியது. நான் பாய்ந்துபோய்க் கையில் அகப்பட்ட குமிழைத் திருகினேன். அது வேகத்தை மாற்றும் குமிழ். பாடகர் இப்போது இன்னும் அவசரமாகக் கோபப்பட்டார்.

“பேய்ப் பாட்டக் கொண்டு வந்து என்னைத் தொட்டுக் கும்பிட வச்சிட்டான்,” என்று மாமி மின்வயரைப் பிடுங்கினார்.

அமைதி. என் செருப்பு வாசலில் எந்தப் பக்கம் கிடக்கிறது என்று யோசித்தேன். போவதில்தான் எனக்கு அனுபவம் அதிகம்.

“ஏன் நிப்பாட்டினீங்க?”

சேவியர் அங்கிள். எப்போது எழுந்தாரோ தெரியாது. ஓர் உள்ளங்கையை ரேடியோகிராமின் மேல் பதித்தபடி நின்றார்.

“அண்ணா, அது கோயில் பாட்டில்ல,” என்றார் மாமி.

“எனக்குக் கேட்டுது.”

யாருக்கும் விளங்கவில்லை. அவர் துறைமுகத்தில் சுமை தூக்கும் வின்ச் இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே உழைத்து ஓய்வு பெற்றவர். சத்தமாகப் பேசும் மனிதர் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். காது போய்விட்டதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. உதட்டசைவைப் பார்த்தே காலத்தை ஓட்டியிருக்கிறார்.

“மேரி ஞாயிறில பாட்டுப் போடுவா. நான் தலையாட்டுவன். ஒரு மண்ணும் கேக்காது. பாவம், ஆசையா போடுறாளே எண்டு சொல்லேல்ல.”

ஜெனிட்டா அவருக்கு நேர் முன்னால் போய் நின்று, உதடு தெரியும்படி மெதுவாகச் சொன்னாள்: “அம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கு அப்பா. அதாலதான் சவுண்ட முழுசா கூட்டி வச்சவ. பக்கத்து வீட்டோட சண்டையும் பிடிச்சவ.”

பக்கத்து வீட்டுப் பெண்கள் ஆமென்பது போலத் தலையாட்டினார்கள்.

அங்கிள் அம்மாவின் படத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். மூக்கைத் துடைத்துக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“தம்பி, மற்றப் பக்கமும் இப்பிடித்தானா?”

“தெரியாதுங்க அங்கிள்,” என்றேன். அன்றைக்கு நான் பேசிய முதல் உண்மை.

“அப்ப போட்டுப் பாப்பம்.”

போட்டுப் பார்த்தோம். மாமி இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டார். கட்லட் எடுக்க மட்டும் ஒன்றைத் திறந்தார்.

அந்த வாரமே அங்கிள் வத்தளைக்குப் போன் எடுத்தார். அவர்கள் சொன்னது அவருக்குக் கேட்கவில்லை. அவர் சொன்னது அவர்களுக்கு நன்றாகக் கேட்டது. எங்கள் கல்யாணம் முடிந்து, நானும் கொட்டாஞ்சேனையிலேயே தங்கிவிட்டேன். அந்தப் பாட்டுக்கு ஆல்டர்நேட்டிவ் ரொக் என்று பெயர் என்பதையும் பிறகு தெரிந்துகொண்டேன். ஞாயிறு பூசை முடிந்ததும் அங்கிள் அதைத்தான் போடுகிறார், உள்ளங்கையைப் பெட்டியின் மேல் வைத்தபடி.

போன வருடம் எங்கள் மகள் மறைக்கல்வி வகுப்பில் மாட்டிக்கொண்டாள். ஞாயிறில் வீட்டில் என்ன பாடுவீர்கள் என்று சிஸ்டர் கேட்டிருக்கிறார். இவள் மேசையைத் தட்டி, தலையை உதறி, அந்த அலறலை அப்படியே அலறிக் காட்டிவிட்டாள். வீட்டாரை வரச் சொல்லி அனுப்பினார்கள். எனக்குப் போகத் தைரியமில்லை. பிலோமினா மாமி சேலையை மாற்றிக்கொண்டு போனார்.

“என்ன சொன்னீங்க மாமி?” என்று திரும்பி வந்தவரிடம் கேட்டேன்.

“அது எங்கட அண்ணாட செபம், பிள்ள சரியாத்தான் சொல்லியிருக்கிறா எண்டன்,” என்றார் மாமி. “வேகம் மட்டும் கொஞ்சம் கூடிப்போச்சு. அது தகப்பன்ட பழக்கம் எண்டும் சொல்லிட்டு வந்தனான்.”