வாசலில் ஒரு ராசிக் கறை

"தண்ணி ஊத்தாம கழுவுனா அது கழுவுறதா சார்?" என்று கேட்டுக்கொண்டு, நிறைந்த வாளியோடு மீட்டிங் ஹால் வாசலில் வந்து நின்றாள் ஆபீஸ் கூட்டித் துடைக்கும் நாகம்மா.

ஆரோக்கியசாமி பாய்ந்து போய் வாளியைப் பிடித்துக்கொண்டார். தரையோடு பசை போட்டு ஒட்டிய கார்பெட் அது. தண்ணீர் உள்ளே இறங்கினால் ஒரு வாரத்துக்குக் காயாது. காய்வதற்குள் நாறவும் ஆரம்பித்துவிடும். பிற்பகலில் ஜெர்மனிக்காரர்கள் ஆர்டரில் கையெழுத்துப் போட வருகிறார்கள். ஆர்டர் முக்கியம்தான். ஆனால் ஆரோக்கியசாமிக்கு அதைவிட முக்கியமான கையெழுத்து ஒன்று பாக்கி இருந்தது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் பம்பு உதிரி பாகங்கள் செய்யும் அந்தக் கம்பெனியில், ஆபீஸ் பராமரிப்பு சூப்பர்வைசராக அவர் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது. முந்தைய கம்பெனிக்குப் பூட்டுப் போட்டபின் ஒரு வருஷம் வீட்டில் உட்கார்ந்து, மாமனார் முகத்தில் விழிக்காமலே ஒரு கிறிஸ்துமஸைக் கடத்தியவர். வேலையை நிரந்தரமாக்கும் ஆர்டர் டைப் அடித்து எம்.டி. மேஜைக்குப் போய்விட்டது. "இன்னிக்கு ஒரு நாள் எதையும் இழுத்து வச்சுக்காம வாங்க" என்று திருநின்றவூர் ஸ்டேஷன்வரை கூடவே வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தாள் மனைவி ஞானசௌந்தரி. இழுத்து வைத்துக்கொள்வதில் கணவருக்கு இருந்த திறமை அவளுக்குத் தெரியும்.

எம்.டி. கஜபதி போன வாரம்தான் சிங்கப்பூரிலிருந்து திரும்பியிருந்தார். வரும்போது இரண்டு கேன் மருந்தும், வட்டமான பிரஷ் வைத்த ஒரு மெஷினும் வாங்கி வந்திருந்தார். மருந்தைப் பனி மாதிரி லேசாகத் தெளித்து மெஷினால் தேய்க்க வேண்டும். நுரை அழுக்கைப் போய்ப் பிடித்துக்கொள்ளும். காய்ந்ததும் நுரையும் அழுக்கும் சேர்ந்து பொடி உப்பு போலாகிவிடும். அதை வாக்வம் கிளீனரால் இழுத்துவிட்டால் தீர்ந்தது வேலை. வாளியே வேண்டாம்.

இதை எம்.டி. தானே உட்கார்ந்து விளக்கினார். போகிற போக்கில், "வாசல்கிட்ட ஆரம்பிங்க ஆரோக்கியசாமி. மத்ததுக்கு நேரம் இல்லேன்னாலும் பரவாயில்ல" என்று ஒரு வார்த்தையும் சொல்லிவிட்டுப் போனார்.

வாசலை ஒட்டி, வெளிர்நீலக் கார்பெட்டில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு செங்காவிக் கறை பல வருஷமாகக் குடியிருந்தது. ஆரோக்கியசாமி அதன்மேல் மருந்தைத் தெளித்தார். மெஷினை ஓட்டினார். நுரை சிவந்தது. மின்விசிறியை வைத்துக் காயவிட்டு, நிமிஷத்துக்கு ஒரு தரம் புறங்கையால் தொட்டுப் பார்த்தார். காய்ந்ததும் நாகம்மாவை அழைத்து வாக்வமை இழுக்கச் சொன்னார்.

கறை இருந்த இடம் தெரியவில்லை. நாகம்மா குனிந்து தடவிப் பார்த்து, இது ஏதோ கண்கட்டு வித்தை என்றாள். காயவிட்டு இழுப்பதுதான் சூட்சுமம் என்று ஆரோக்கியசாமி அவளுக்குப் பாடமே நடத்தினார். கறை என்று எதைப் பார்த்தாலும் இப்படித்தான் செய்ய வேண்டும் என்று சேர்த்துச் சொன்னார். அந்தக் கடைசி வாக்கியத்தை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அக்கவுண்ட்ஸ் வீரராகவன் ஃபைல் கட்டோடு உள்ளே வந்தவர், வாசலில் ஒரு காலைத் தூக்கியபடியே நின்றுவிட்டார்.

"கறை எங்கே ஓய்?"

"எடுத்துட்டேன் சார்" என்றார் ஆரோக்கியசாமி, பாராட்டு வரும் என்று எதிர்பார்த்து.

வீரராகவன் கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தணித்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னார். கம்பெனிக்கு முதல் வெளிநாட்டு ஆர்டர் வந்த அன்று, வந்தவர்களுக்கு இதே வாசலில் ஆரத்தி எடுத்தார்களாம். அந்த ஆரத்தி சிந்திய கறைதான் அது. அன்றிலிருந்து பெரிய ஆர்டர் கையெழுத்தாகும்போதெல்லாம் கஜபதி அந்தக் கறைமேல் போய் நின்றுகொள்வார். உட்காரச் சொன்னாலும் உட்கார மாட்டார். நின்ற ஒவ்வொரு முறையும் ஆர்டர் முடிந்திருக்கிறது. ஆபீஸ் முழுக்கத் தெரிந்த ராசி இது, புதிதாக வந்தவருக்குத்தான் தெரியவில்லை.

"வாசல்ல ஆரம்பிக்கச் சொன்னாரே சார்."

"வாசல்லன்னா கறையை விட்டுட்டு ஆரம்பிக்கணும். இதைக்கூடச் சொல்லணுமா? அதுவும் நீர் சர்ச்சுக்குப் போறவர். வேணும்னு ஆரத்தியை அழிச்சுட்டீர்னு நாலு பேர் நாலு விதமா பேசிட்டா?"

அவர் நல்லெண்ணத்தில்தான் சொன்னார். ஊரில் அம்மன் தேர் வந்தால் ஆரோக்கியசாமியின் வீட்டு வாசலிலும் தண்ணீர் தெளித்து வைப்பார்கள். அப்படி வளர்ந்தவர்மேல் இப்படி ஒரு பழி விழுமா என்று நினைத்தபோது அவருக்கு அழுகையே வந்தது. டைப் அடித்த ஆர்டரை எம்.டி. இரண்டாகக் கிழிப்பது கண்முன் தெரிந்தது. அதற்குப் பின்னால் மாமனாரின் முகமும் தெரிந்தது.

எம்.டி. விருந்தாளிகளை அழைத்துவர மீனம்பாக்கம் போயிருந்தார். அவர் திரும்புவதற்குள் கறையைத் திரும்ப வரவழைத்தாக வேண்டும்.

ஆரோக்கியசாமி கேண்டீனுக்கு ஓடி மஞ்சள்தூள் வாங்கினார். கேட்டுக்கு வெளியே பெட்டிக்கடையில் சுண்ணாம்பு வாங்கினார். இரண்டையும் டம்ளரில் கலக்கியதும் ரத்தச் சிவப்பாக ஆரத்தி தயாரானது. மனசுக்குள் யாரிடம் வேண்டுவது என்று தெரியாமல் அந்தோணியாரிடமும் அம்மனிடமும் சேர்த்தே வேண்டிக்கொண்டு, பழைய இடத்தில் உள்ளங்கை அளவுக்குப் பார்த்துப் பார்த்து ஊற்றினார். சரியாக வந்தது. மின்விசிறியைத் திருப்பி வைத்துவிட்டு, பூச்சாடிகள் வந்திருக்கின்றன என்று வாட்ச்மேன் கூப்பிட்டதால் கேட்டுக்குப் போனார்.

திரும்பி வந்தபோது கார்பெட் பளிச்சென்று இருந்தது.

"காஞ்சி பொடியா கெடந்திச்சு சார்" என்றாள் நாகம்மா, வாக்வமின் குழாயைச் சுருட்டிக்கொண்டே. "நீ சொல்லிக் குட்த்த மாதிரியே தெளிச்சி, தேச்சி, காயவச்சி இஸ்துட்டேன். ஒரு தூசு கெடயாது."

அவள் முகத்தில் அத்தனை பெருமை. திட்டுவதற்கு ஆரோக்கியசாமிக்கு வாய் வரவில்லை. நல்லது என்று மட்டும் சொன்னார்.

மறுபடியும் கேண்டீனுக்குப் போனார். யாருக்கு சார் கல்யாணம் என்று கேட்டுக்கொண்டே, இருந்த மிச்ச மஞ்சளையும் கொடுத்தார்கள். இந்த முறை நாகம்மாவை மாடிப்படி துடைக்க அனுப்பிவிட்டுத் தானே காவல் இருந்தார். ஆனால் மருந்து தன் குணத்தைக் காட்டியது. ஒருமுறை பூசிவிட்டால் புது அழுக்கு லேசில் ஒட்டாது என்று எம்.டி. சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஆரத்தி காய்ந்து பொருக்குப் பொருக்காக மேலேயே நின்றது. விரலால் தொட்டதும் உதிர்ந்தது.

அப்போதுதான் அவருக்குப் பெயிண்டிங் செக்‌ஷன் ஞாபகம் வந்தது. விநாச காலே விபரீத புத்தி என்று சும்மாவா சொன்னார்கள்.

பம்பு பாகங்களுக்கு அடிக்கும் ரெட் ஆக்சைடு பிரைமர் ஒரு சின்ன டின்னில் வேண்டும் என்று பெயிண்டர் முனியனிடம் கேட்டார். எங்கே அடிக்கப் போகிறீர்கள் என்று முனியன் விசாரித்தான். சும்மா ஒரு இடத்தில் என்றார்.

"பாத்து சார். ஒட்டுனா உடாது. இருவது வர்சம் மழை பேஞ்சாலும் அப்டியே கீதும்."

"அதான் முனியா வேணும்" என்றார் ஆரோக்கியசாமி. அன்று முழுக்க அவர் கேட்ட ஒரே ஆறுதலான வார்த்தை முனியன் சொன்னதுதான்.

நிறம் அச்சு அசலாகப் பொருந்தியது. துணியில் தொட்டு, பழைய கறையின் வடிவத்தை நினைவுபடுத்தி, மண்டிபோட்டு ஒற்றினார். பாதி வேலையில் வெளியே கார் ஹாரன் கேட்டது. சட்டென்று திரும்பியதில் முழங்கை பட்டு டின் சாய்ந்தது. உள்ளங்கையாக இருக்க வேண்டிய ராசி, ஒரு முறம் அகலத்துக்குப் பரவிவிட்டது.

துணியால் துடைத்தார். இன்னும் கொஞ்சம் பரவியது. தின்னர் வாடை ஹாலைத் தூக்கியது. ஒரு கட்டு ஊதுபத்தியை மொத்தமாகக் கொளுத்திப் பூச்சாடிகளில் சொருகிவிட்டு, விசிறியை முழு வேகத்தில் வைத்தார். ராசி பெருகுவது நல்லதுதானே என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டார். ஹாரன் அடித்தது பால்வண்டி என்று பிறகுதான் தெரிந்தது.

பிற்பகலில் உண்மையான கார்களே வந்தன. முதல் காரிலிருந்து கஜபதியும் இரண்டு ஜெர்மனிக்காரர்களும் இறங்கினார்கள். அடுத்ததிலிருந்து எம்.டி.யின் மனைவி கஸ்தூரி அம்மாள் இறங்கினார். கம்பெனி அவருடைய அப்பா ஆரம்பித்தது. கஜபதி வீட்டோடு வந்த மாப்பிள்ளை. பெரிய ஆர்டர் கையெழுத்தாகும் நாட்களில் மட்டும் அம்மாள் நேரில் வந்து உட்காருவார்.

ஆரோக்கியசாமி வராந்தாத் தூண் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

கஜபதி சிரித்த முகத்தோடு, எல்லோருக்கும் முன்னால் நடந்து வந்தார். தரையைப் பார்த்தார். சிரிப்பு அப்படியே நின்றது. மறு நொடி, அறுபது வயசு மனிதர் என்று சொல்ல முடியாத வேகத்தில் ஒரு எட்டு வைத்துக் கறைமேல் ஏறி நின்றார். அவருடைய ஷூக்கள் போதவில்லை. கால்களை அகட்டினார். அதுவும் போதாமல் கையிலிருந்த பெட்டியை ஒரு பக்கமும் கோட்டை ஒரு பக்கமும் கீழே வைத்தார். கஸ்தூரி அம்மாள் உள்ளே வந்து உட்காரச் சொன்னார். "நீ பேசும்மா, நான் இங்கயே நிக்கிறேன்" என்றார் அவர். நெற்றியில் வியர்வை ஓடியது.

ஆரோக்கியசாமிக்குக் கண் நிறைந்துவிட்டது. எப்பேர்ப்பட்ட நம்பிக்கை இந்த மனிதருக்கு என்று நினைத்தார். நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, பக்கத்தில் வந்து நின்ற எம்.டி.யின் டிரைவர் துலுக்கானத்தின் தோளைப் பிடித்தார்.

"ஐயாவோட ராசியைக் காப்பாத்திட்டேன் துலுக்கானம். அவர் நிக்கிற கறையை அழியாத மாதிரி திரும்ப வச்சுட்டேன்."

துலுக்கானம் உள்ளே எட்டிப் பார்த்தான். பிறகு ஆரோக்கியசாமியைப் பார்த்தான்.

"இன்னா ராசி சார்? வெத்தலய உட்டுட்டேன்னு அம்மாகிட்ட சத்தியம் பண்ண மறுநாளே, வாய் நெறய போட்டுகினு அங்க நின்னு தும்மிட்டாரு. அம்மா ஆசயா பொறுக்கியெட்த்த கார்பெட்டு. அன்னிலேந்து அம்மா வர்றப்பல்லாம் அதும்மேலயே நின்னு மறச்சிகினு கீறாரு. சிங்கப்பூர்ல தேடி அந்த மருந்த வாங்கியாந்ததே அதுக்குத்தான். காலைல ஏர்போர்ட்டுக்குப் போறப்பகூட சொல்லிகினு வந்தாரே, 'ஆரோக்கியசாமி அந்தக் கறைய மட்டும் எடுத்துட்டாருன்னா போதும் துலுக்கானம், திரும்பி வந்ததும் மொத கையெழுத்து அவருக்குத்தான்'னு."