கடன் பாடத்தில் முதல் மதிப்பெண்

உலகில் மகான்கள் இரு வகை. கடனே வாங்காதவர்கள் ஒரு வகை; கடனை முறைப்படி கற்று வாங்கியவர்கள் மறு வகை. அடியேன் இரண்டாம் வகையில் சேர்ந்த வரலாறு இது.

எங்கள் அலுவலகத்துக்கு ஒரு நிதி நிறுவனம் வந்து 'நிதி அறிவு முகாம்' நடத்தியது. டை கட்டிய பயிற்சியாளர் என் விவரத்தைக் கணினியில் தட்டிவிட்டு உச்சுக் கொட்டினார்.

"சார், உங்க கடன் மதிப்பெண் பூஜ்யம்."

"நான் கடனே வாங்கினதில்லீங்களே."

"அதான் சார் பிரச்சினை. வாங்கினாத்தானே திருப்பிக் கட்டுவீங்களான்னு தெரியும்?"

பள்ளிக்கூடத்தில் கணக்கில் முட்டை வாங்கியவன் நான். இந்த வயதில் மறுபடியும் முட்டையா? மானம் கப்பலேறிவிட்டது.

வீட்டில் மனைவி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கடைவாய்ப் பல் சொத்தை. வேரைச் சுத்தம் செய்து உறை போட்டால் பல் பிழைக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதற்கென்று கொஞ்சம் பணமும் சேர்த்திருந்தோம்.

"நாளைக்கே போய்ப் பல்லைப் பாத்துரலாங்க."

"அவசரப்படாத. அந்தப் பணத்தை முன்பணமாக் கட்டி டிவி வாங்குவோம். தவணை கட்டக் கட்ட மதிப்பெண் ஏறும். அப்புறம் குறைஞ்ச வட்டிக்குப் பல்லுக்கே கடன் எடுத்துரலாம். அதுவரைக்கும் பல்லைக் கடிச்சுக்கிட்டு இரு."

"எந்தப் பல்லை?" என்றாள். நிதி அறிவு இல்லாதவர்கள் இப்படித்தான் குதர்க்கம் பேசுவார்கள்.

டிவி வந்தது. மதிப்பெண் ஏறியது. டிவி பார்க்கத் தவணையில் சோபா வந்தது. மதிப்பெண் இன்னும் ஏறியது. வலியில் அவள் உட்கார்ந்தே தூங்கியதால் சோபாவும் வீண்போகவில்லை.

'மிகச் சிறப்பு' என்ற தகுதியை எட்டியதும், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பயிற்சியாளரிடம் பல் கடன் கேட்டேன்.

"பல் கடன் தர முடியாது சார். உங்களுக்குப் பல கடன் இருக்கு. சம்பளம் பூரா தவணைக்கே போகுதே."

"சோபாவுக்கு மட்டும் தந்தீங்க?"

"நீங்க கட்டலேன்னா சோபாவைத் தூக்கிட்டு வந்துரலாம். பல்லை எப்படி சார்?"

நியாயந்தானே. பிடுங்குவதுதான் மலிவு என்றார் டாக்டர். பிடுங்கினோம்.

அடுத்த முகாமில் என்னை 'முன்மாதிரிக் கடனாளி' என்று மனைவியோடு மேடையேற்றிக் கேடயம் கொடுத்தார்கள். பயிற்சியாளர் நெகிழ்ந்துபோய் மைக்கை என் மனைவியிடம் நீட்டினார்.

"ஒரு தவணைகூடத் தவறாம கட்டியிருக்கார். எப்படிம்மா முடிஞ்சுது?"

"பல்லைக் கடிச்சுக்கிட்டுத்தான்," என்றாள். "கடிச்சது அவரு. பல்லு என்னுது."