இரவல் போன துப்பாக்கிகள்

"வின்செஸ்டரை ஒரு வாரத்துக்குக் குடுடா" என்று ஆர்லோ வாசலில் வந்து நின்றபோது, டெல்பர்ட்டுக்குச் சிரிப்பதா முறைப்பதா என்று தெரியவில்லை. ஆர்லோவிடம் சொந்தமாகப் பதினொரு துப்பாக்கிகள் இருந்தன. மான் வேட்டை தொடங்க இன்னும் ஐந்து நாள்தான்.

"உன்கிட்ட இல்லாததாடா?"

"இருக்கு. ஆனா இது கைக்கு அடக்கமா இருக்கும். புதருக்குள்ள நுழைஞ்சு போக வசதி."

"எந்தப் புதர்? நீ மேட்டு மேல நாற்காலி போட்டு உக்காந்து சுடறவனாச்சே."

"இந்த வருஷம் நடக்கலாம்னு இருக்கேன். டாக்டர் நடக்கச் சொன்னாரு."

இருபது வருடம் கூடச் சேர்ந்து மான் உரித்தவனிடம் துப்பாக்கி இல்லை என்று சொல்வது மொன்டானாவின் அந்தச் சின்ன ஊரில் நடக்காத காரியம். டெல்பர்ட் எடுத்துக் கொடுத்தான். வாங்கியவன் உடனே போயிருக்கலாம். போகவில்லை. தொட்டியில் கிடந்த ஒரு வாரத்துப் பாத்திரங்களைக் கழுவினான். குளிர்பெட்டியைத் திறந்து பார்த்தான்.

"கடைசியா எப்படா சாப்பிட்டே?"

"நீ துப்பாக்கி வாங்க வந்தியா, சமையல்கட்டு சோதனைக்கு வந்தியா?"

ஆர்லோ வண்டியிலிருந்து ஒரு பாத்திரம் நிறையக் கறி காசரோலைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுப் போனான்.

துப்பாக்கி அலமாரியில் மூன்று மிச்சமிருந்தன. டெல்பர்ட் இரண்டு தடவை எண்ணினான். வசந்தத்தில் அவன் வேலை பார்த்த தானியக் கிடங்கை மூடிவிட்டார்கள். ஆகஸ்ட்டில் மனைவி கோரின் தன் தங்கை வீட்டுக்கு பில்லிங்ஸ் போய்விட்டாள். போகும்போது நாயையும் காபி மெஷினையும் எடுத்துக்கொண்டாள். "இதுங்களோடயே குடும்பம் நடத்து" என்று அலமாரியைக் காட்டிச் சொன்னாள். அன்றிலிருந்து அவன் அப்படித்தான் நடத்தினான். நாளுக்கு ஒன்றாக எடுத்துத் துடைத்து, எண்ணெய் போட்டு, அதன் இடத்திலேயே திரும்ப வைப்பான். நான்கு நாளில் ஒரு சுற்று வரும்.

மறுநாள் இன்னொரு வேட்டைக் கூட்டாளி டுவெயின் வந்தான். அவனுக்கு வாத்து வேட்டைக்கான துப்பாக்கி வேண்டுமாம்.

இந்த முறை டெல்பர்ட் தயாராக இருந்தான். "அதுல விசை சிக்குதுப்பா. எந்தப் பக்கம் வெடிக்கும்னே சொல்ல முடியல."

டுவெயினின் முகம் பரிசு விழுந்தவன்போல மலர்ந்தது. "அப்படியா! குடு, நானே வெண்டல் கடையில குடுத்துச் சரி பண்றேன்."

"வேணாம், நானே..."

"நீ எதுக்கு அலையணும்?"

துப்பாக்கி வண்டியில் ஏறிவிட்டது. டுவெயின் மட்டும் ஏறவில்லை. வருடத்துக்குப் பத்து வார்த்தை பேசும் ஆள், திரும்பி வந்து மூன்று மணி நேரம் உட்கார்ந்து மழையைப் பற்றியும் தன் அம்மாவின் முழங்காலைப் பற்றியும் பேசினான்.

அவன் போன பிறகுதான் டெல்பர்ட்டுக்கு விஷயம் விளங்கியது. வேலை போனவன், பெண்டாட்டி விட்டுப்போனவன், எப்படியும் எல்லாவற்றையும் விற்றுவிடுவான் என்று ஊருக்குள் பேச்சு கிளம்பியிருக்கிறது. அதற்குள் நல்லதை ஒதுக்கிக்கொள்ளப் பார்க்கிறார்கள். "கழுகுங்க" என்று சுவரிடம் சொன்னான்.

மிச்சம் இரண்டு. ஒன்று கைத்துப்பாக்கி. மற்றது தூரக்கண்ணாடி பொருத்திய மான் ரைபிள். வேட்டை தொடங்கும் சனிக்கிழமை காலை அதைத் தோளில் மாட்டிக்கொண்டு மலையேறிவிட்டால் போதும், இந்த வருடம் முழுத் தோல்வியாகிவிடாது என்று அவன் நம்பியிருந்தான். ஊரில் திருடாத மனிதர் ஒருவர்தான் உண்டு என்று யோசித்து, புதன்கிழமை ரைபிளை எடுத்துக்கொண்டு சர்ச்சுக்குப் போனான்.

"பாஸ்டர், சனிக்கிழமை வரைக்கும் இதைப் பூட்டி வைக்க முடியுமா? வீட்டுல இருந்தா இரவல் கேட்டே பிடுங்கிடறானுங்க."

பாஸ்டர் லின்குவிஸ்ட் வாக்கியம் முடியும் முன்பே ரைபிளை வாங்கிவிட்டார். "தாராளமா. அந்தக் கைத்துப்பாக்கி எங்க?"

"வீட்டுல. அது இருக்கட்டும், பாஸ்டர்."

"எனக்கு அதுவும் வேணுமே. இங்க பாம்புத் தொல்லை தாங்கல."

ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது.

"அக்டோபர் கடைசியில பாம்பா?"

"சைத்தான் பருவம் பாத்தா வர்றான், டெல்பர்ட்?"

ஞானஸ்நானத்திலிருந்து கல்யாணம்வரை செய்துவைத்தவரிடம் இதற்கு மேல் வாதாட முடியவில்லை. பாஸ்டர் தானே வண்டி ஓட்டிக்கொண்டு கூடவே வந்து, கைத்துப்பாக்கியையும் அதன் தோட்டாக்களையும் வாங்கிக்கொண்டு போனார்.

வெள்ளிக்கிழமை மதியம் டெல்பர்ட் ரைபிளைக் கேட்டான்.

"அதுல ஒரு சிக்கல்ப்பா" என்றார் பாஸ்டர், தன் காலணியைப் பார்த்தபடி. "சர்ச் அலமாரியில இருந்து ஒண்ணை வெளிய எடுக்கணும்னா கமிட்டி தீர்மானம் போடணும்."

"உள்ள வைக்கறப்ப எந்தக் கமிட்டி கூடிச்சு?"

"அது அவசரம்."

"சரி, அடுத்த கூட்டம் எப்போ?"

"ஏப்ரல்ல."

டெல்பர்ட் நேராக வெண்டலின் துப்பாக்கிக் கடைக்குப் போனான். கல்லாவுக்குப் பின்னால் சுவரில் ஒரு பழைய பாணி ஷார்ப்ஸ் நீள ரைபிள் மாட்டியிருந்தது. பன்னிரண்டு வருடமாக அவன் வரும்போதெல்லாம் அதை இறக்கச் சொல்லி, கையில் எடை பார்த்து, குழலுக்குள் எட்டிப் பார்த்து, "ஒருநாள் உன்னைக் கூட்டிட்டுப் போறேன்" என்று அதனிடமே சொல்லிவிட்டுத் திருப்பிக் கொடுப்பான். அன்று அவன் சுவரைப் பார்க்கவில்லை.

"ஒரு துப்பாக்கி குடு, வெண்டல்."

"எது?"

"எதுவா இருந்தாலும் சரி."

ஓரமாகக் காபி குடித்துக்கொண்டிருந்தவர் கோப்பையைக் கீழே வைத்தார். ஒரு திருகாணியைப் பற்றி அரைமணி நேரம் விசாரிக்கிறவன் டெல்பர்ட். சோதனை போட வந்த வரி அதிகாரிக்கே துப்பாக்கி விற்று அனுப்பியவர் வெண்டல். அவர் கல்லாவின் மேலிருந்த இரண்டு கைகளையும் மெல்ல எடுத்துக்கொண்டார்.

"இன்னிக்கு விக்கறதில்ல."

"கடை திறந்துதானே இருக்கு?"

"உனக்கு விக்கறதில்லப்பா." வெண்டல் முகத்தைத் திருப்பிக்கொண்டு பின்னறைக்குள் போனார்.

அவர் திறந்த கதவு வழியாக டெல்பர்ட் பார்த்தான். உள்ளே ஒரே மரச்சட்டத்தில், அவன் வீட்டில் வைத்திருந்த அதே வரிசையில் நின்றன: வின்செஸ்டர், வாத்துத் துப்பாக்கி, மான் ரைபிள். கீழே கைத்துப்பாக்கி.

"அடப் பாவிங்களா!" கல்லாவை ஓங்கி அறைந்தான். "பாஸ்டரும் கூட்டா? எல்லாரும் சேந்து ஒரு மனுஷனைச் சுரண்டித் தின்னுட்டீங்களேடா! கோரின் இருந்திருந்தா உங்கள்ல ஒருத்தன் என் வாசப்படி ஏறியிருப்பானா?"

கடையில் படிவம் எழுதும் பெர்னடீன் கல்லாவைச் சுற்றி வந்து, அவன் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்க ஒவ்வொருத்தருக்கும் போன் போட்டு அனுப்பினதே கோரின்தான்ப்பா, 'நான் திரும்பிப் போக மாட்டேன், ஆனா அவர் தனியா இருக்கற வீட்டுல துப்பாக்கி இல்லன்னு தெரிஞ்சாத்தான் நான் தூங்க முடியும்'னு அழறா."